நாலாவது விநாடி

ஒரே வருஷத்தில் மூன்று என்ஜின்.
மூன்றிலும் மூணாம் நம்பர் பேரிங்,
வெள்ளை உரிந்து செம்பு தெரிய.
இப்போது என் பில் புத்தகத்தின் மேல் கிடக்கின்றன, கனத்துக்கு.
கொழிஞ்சாம்பாறையில் ஆடிக்காற்று
கணவாய் வழியே வந்து
கடன் கணக்கை முதலில் தூக்கும்.

"வலத்தோட்டு வளைவில் சூசி வீணு, மேரியேச்சி"
என்பான் ஷிஜில், ஒவ்வொரு தடவையும்.
அவனுக்குச் சூசி, எனக்கு முள்.
விழுந்தது ஒன்றுதான்:
நாலரை கிலோவிலிருந்து பூஜ்யத்துக்கு,
ஸ்டீயரிங் திருப்பிய நாலாவது விநாடியில்.
ஏழாயிரத்தில் ஓடும்போது ஒரு விநாடி என்பது
நூற்றுப் பதினாறு சுற்று,
இரும்போடு இரும்பு.

எல்லாரிடமும் மருந்து இருந்தது.
கெட்டி ஆயில் போடு என்றார் கோயமுத்தூர்க்காரர்.
பம்பை மாற்று என்றார் திருச்சூர்க்காரர்.
மாற்றினோம். நல்ல பம்புதான்,
இல்லாததை எப்படி இறைக்கும்?
அரை லிட்டர் கூட ஊற்றியது நான்.
கிராங்க் அதில் முங்கி முங்கி
மோர் கடைந்து வைத்திருந்தது.
நுரை குடித்த பேரிங்
மற்ற ரெண்டையும்விடச் சீக்கிரம் செத்தது.

பிறகு ஒரு ஞாயிறு, கரண்ட் இல்லை.
பழைய சம்பின் பக்கத்தை அறுத்து
அக்ரிலிக் தகடு ஒட்டி நாலு லிட்டர் ஊற்றி
நாற்பத்தைந்து டிகிரி சாய்த்துப் பிடி என்றேன் செய்தலியிடம்.
வளைவில் வண்டி படுக்காது.
உள்ளே எண்ணெய் மட்டும் இப்படிப் படுத்துக்கொள்ளும்.
படுத்தது.
சுவரேறி ஒரு மூலையில் மஞ்சளாய்க் குவிந்தது.
உறிஞ்சும் குழாயின் வாய்
வெறுங்காற்றில் திறந்து நின்றது.

செய்தலி கை நடுங்கும்வரை பிடித்திருந்தான்.
இறக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.
ஒரு சொட்டுக் குறையவில்லை.
நாலு லிட்டரும் அங்கேதான்,
வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி.

இந்த ஊரில் இதைச் சொன்னால் உடனே ஆழியாறு என்பார்கள்.
அணையில் கிடக்கும், கடைமடையில் வரப்பு வெடிக்கும்,
ரெண்டு மாநிலத்து ஜீப்பும் வந்து அளக்கும்.
மூலத்தறை ஷட்டரைப் பார்த்துத்தான்
சேச்சிக்குக் கதவு யோசனை வந்தது என்று
ஷிஜில் போகிற இடமெல்லாம் சொல்கிறான்.
பொய்.
என் வீட்டுக் கோழிக்கூண்டுக் கதவு அது.
வெளியிலிருந்து முட்டினால் திறக்கும்,
உள்ளிருந்து முட்டினால் சாத்தும்.

குழாயைச் சுற்றி நாலு சுவர்,
சுவருக்கு ஒரு கதவு, பித்தளைக் கீல்.
மேலே ஒரு மூடி, கிராங்க் வாரிக்கொண்டு போகாதிருக்க.
ஹெட்டுக்கு ஏறும் துளையில் சின்ன ஜெட் ஒன்று,
மேலே போன எண்ணெய் இறங்கிவரச் சோம்பல்படும்.
வாய்க்கும் தரைக்கும் எவ்வளவு இடம்?
பரோட்டாக் கடையில் ஓர் உருண்டை மாவு வாங்கி
குழாயின் வாயில் ஒட்டி, சம்பை முறுக்கிக் கழற்றினேன்.
நசுங்கிய மாவு இருபது மில்லி கனம்.
எட்டாக்கினேன்.
மாவைக் கோழிக்குப் போட்டேன்,
மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

வேலந்தாவளம் செக்போஸ்ட்டில்
டிரெய்லரைத் தட்டி என்ன லோடு என்றார்கள்.
நாலாவது என்ஜின் என்றேன்.
மீதி மூணு எங்கே என்றார் ஒருவர், நிஜமாகவே குனிந்து பார்த்து.

டிராக்கில் நான் பக்கத்து சீட்டில்,
தலைக்குப் பொருந்தாத ஹெல்மெட்டில்.
வளைவைப் பார்க்கவில்லை, முள்ளை மட்டும்.
ஒண்ணு.
ரெண்டு.
தோளில் பெல்ட் அறுக்கிறது. மூணு.
நாலு—
நடுங்கியது, மூன்றரையில் நின்றது.
அஞ்சையும் எண்ணினேன்.
அடுத்த பிரேக்கில் கொஞ்சம் சரிந்தது.
பின்கதவுக் கீல் இறுக்கம், அரம் போடணும்.

"சூசி எங்ஙனே?" கத்துகிறான் ஷிஜில்.
ரோட்டைப் பாருடா என்றேன்.